நடுவுக்கு வந்தால் நிற்கும் மிஷின்

ஜூன் 9, திங்கள்

மில்லிங் மிஷினை இன்று லாரியில் ஏற்றிவிட்டார்கள். கிரேன் அதைத் தூக்கியபோது "மெல்ல, மெல்ல" என்று கூவிக்கொண்டே பின்னால் ஓடினேன். என் மகள் பிறந்த அன்றுகூட இவ்வளவு பதறவில்லை. அன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன் என்று என் மனைவி மரகதம் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அது நின்ற இடத்தில் சதுரமாய் எண்ணெய்க் கறை. பக்கத்தில் புது மிஷின், கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தபடி இரும்பைக் கடையும் சி.என்.சி. லேத். புதிது என்றால் எங்களுக்குப் புதிது. எங்கோ மூடிப்போன கம்பெனியிலிருந்து பழையதாய் வாங்கியது.

முதலாளி நஞ்சப்பன் கூப்பிட்டுச் சொன்னார். "சென்னியப்பா, இனி நமக்கு மில்லிங் வேலை இல்ல. ஆவணி பொறந்தா சிலிண்டர் மூடி ஆர்டர் ஓடோணும். அதுக்குள்ள லேத்தத் தனியா ஓட்டப் பழகிக்கோ. பழக்கம் வரலீன்னா பேக்கிங்ல ஒரு ஸ்டூலப் போட்டுத் தர்றேன். உன்னைய அனுப்பிர மாட்டேன், பயப்படாத."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த ஸ்டூல்தான் கண்ணில் நின்றது. இருபது வருஷத்துக்குக் கிட்ட மிஷின் முன்னால் நின்றவன் நான். நின்றே தொப்பை போட்டவன். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்ட உட்கார்ந்தால் என்னையும் சேர்த்து ஒட்டிவிடுவேன்.

சொல்லிக்கொடுப்பது ஹசீனா. டிப்ளமா படித்த பெண், என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவள். "தெனமும் பழகினத ஒரு பக்கம் எழுதி வைங்கண்ணா, மறக்காது" என்றாள். அதனால் இந்த டைரி. பத்தாவதுக்குப் பிறகு நான் எழுதிய நீளமான விஷயம் லீவு லெட்டர். அதிலும் பொய்தான் அதிகம்.

ஜூன் 10, செவ்வாய்

மில்லிங்கில் ஜாப், அதாவது வெட்டப்படும் இரும்புத் துண்டு, அசையாது. மேசையில் இறுக்கிக் கட்டிவிட்டால் சினை மாடு மாதிரி படுத்திருக்கும். கட்டர்தான் சுற்றிச் சுற்றி மேயும். லேத்தில் எல்லாம் தலைகீழ். சக் என்கிற இரும்பு உருளை மூன்று தாடைகளால் ஜாப்பைக் கவ்விக்கொண்டு சுற்றுகிறது. டூல் என்கிற வெட்டுளி பொட்டாட்டம் வந்து நின்று தொடுகிறது. இவ்வளவுதான் வித்தியாசம் என்றாள் ஹசீனா. எனக்கு வீட்டுத் தரை சுவரில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

ஜாப்பின் விட்டம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. இரண்டு பக்கமும் குறையுமே என்று மில்லிங் புத்தியில் குறைக்க வேண்டியதில் பாதியை மிஷினுக்குக் கொடுத்தேன். பாதிதான் குறைந்தது. மிச்சத்தில் பாதியைக் கொடுத்தேன். அதிலும் பாதி குறைந்தது. இப்படியே பாதி பாதியாய்ச் சாயங்காலம் வரை துரத்தினேன். அளவு கைக்கெட்டும் தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"அண்ணா, லேத்து விட்டத்தத்தான் பேசும். நீங்க பாதி பண்ண வேண்டாம், அதுவே பண்ணிக்கும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மிணி."

"காலைல இருந்து மூணு தடவ சொன்னனுங்கண்ணா."

சொல்லியிருக்கலாம். எண்ணெய்ப் புகைக்குப் பயந்து மூக்கு, வாய் எல்லாம் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு பேசினால் யாருக்குப் புரியும்.

ஜூன் 15, ஞாயிறு

மரகதம் கோயிலுக்குப் போகும்போது குக்கரை அடுப்பில் வைத்து, "மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க" என்றாள். குக்கருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சொன்ன வேலையைச் செய்கிறவன் என்று ஒரு தடவையாவது பெயர் வாங்க ஆசை.

விசில் வரவே இல்லை. குண்டு எழுந்து எழுந்து ஆடியது. ஆவி பீய்ச்சி அடித்து ஜன்னல் கண்ணாடி வேர்த்தது. சத்தம் மட்டும் இல்லை. யாரோ வாயைப் பொத்திவிட்ட மாதிரி குக்கர் என் முன்னால் துள்ளிக்கொண்டிருந்தது. கருகல் வாசம் வந்த பிறகே அணைத்தேன்.

"விசிலு கேக்கலீங்களா?"

"அடிச்சாத்தான கேக்கறதுக்கு. குண்டு போயிருச்சு, வேற வாங்கு."

பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப் பார்த்து மரகதத்திடம் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். புதுக் குண்டு வாங்கியாயிற்று. அதுவும் மட்டமான சரக்கு.

ஜூன் 19, வியாழன்

இன்று படித்தது எனக்கு நிஜமாகவே பிடித்தது. மில்லிங்கில் சுற்று வேகம் இவ்வளவு என்று எழுதினால் கடைசிவரை அவ்வளவுதான். லேத்தில் ஜாப்பின் முகத்தை, அதாவது வட்டமான முன்பக்கத்தை, சீவும்போது டூல் விளிம்பிலிருந்து நடுவுக்குப் போகிறது. போகப் போக வட்டம் சிறுக்கிறது. வெட்டும் வேகம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமானால் சுற்று ஏறிக்கொண்டே போக வேண்டும். ஹசீனா கணக்குப் போட்டுக் காட்டினாள். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"வள்ளி கும்மி பாத்திருக்கீங்கல்ல? வெளி வட்டத்துல ஆடறவங்களும் உள் வட்டத்துல ஆடறவங்களும் ஒரே அளவு எட்டு வெச்சா, உள்ள இருக்கறவங்க வெரசா ஒரு சுத்து வந்துருவாங்க. அதேதான்."

"அப்ப நட்ட நடுவுல நிக்கறவன்?"

"அவன் தலை சுத்தியே செத்தான்."

நடுவில் வட்டமே இல்லை. எவ்வளவு சுற்றினாலும் போதாது என்று மிஷின் ஏறிக்கொண்டே போகும். அதனால் இதற்கு மேல் போகாதே என்று ஒரு வரம்பை முதலிலேயே எழுதிவிட வேண்டும். எங்களுக்கு நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுற்று. எழுதாவிட்டால் ஜாப் தாடையை விட்டுப் பறந்துவிடும். மில்லிங்கிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் மறக்கும் வரி அதுதானாம். சாக்பீஸால் மிஷின் நெற்றியிலேயே எழுதி வைத்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

நானே எழுதிய முதல் புரோகிராம். மூடியின் முகத்தைச் சீவுவது மட்டும்.

ஸ்டார்ட் அமுக்கினேன். விளிம்பில் டூல் தொட்டதும் கரகரவென்று ஆரம்பித்தது. நடுவை நோக்கி நகர நகரச் சத்தம் ஏறியது. உறுமல் முனகலாயிற்று, முனகல் கீச்சாயிற்று, கீச்சு நூல் மாதிரி மெலிந்து அறுந்தது.

அமைதி.

கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூன்று தாடைகளும் நின்றிருந்தன. கலங்கலாய்த் தெரியவில்லை, எண்ணெய்ப் பளபளப்போடு அப்படியே நின்றிருந்தன. தாடைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் அடித்திருக்கும். இப்போது மூன்றிலும் ஒரே எழுத்து. அது ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை. நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லாத எழுத்து.

டூல் பின்வாங்கியது. தாடைகள் மறுபடி கலங்கிச் சுற்ற ஆரம்பித்தன. சத்தம் எங்கிருந்தோ இறங்கி வந்து சேர்ந்தது.

ஜாப் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. "சூப்பருங்கண்ணா" என்று ஹசீனா கட்டைவிரலைக் காட்டினாள்.

ஜூன் 25, புதன்

"அம்மிணி, நடுவுக்குப் போனா மிஷின் நின்னுக்குதே, அப்படித்தானா?"

துப்பட்டாவுக்குப் பின்னாலிருந்து நீளமாக ஏதோ சொன்னாள். கையை மேலே காட்டினாள், தாடைகளைக் காட்டினாள், விரலால் காற்றில் வட்டம் போட்டாள். நான் தலையை ஆட்டினேன். பத்தாவது வரை என்னைக் கரை சேர்த்தது இந்தத் தலையாட்டல்தான். மேலே கையைக் காட்டியதால் சாமி சம்பந்தப்பட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை எழுதிவைக்க வேண்டும். நஞ்சப்பன் பேசினால் ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறது. குரல் என்றால் அது. இந்தக் காலத்துப் பெண்கள்தான் முணுமுணுக்கிறார்கள். என் வீட்டிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஜூலை 2, புதன்

ராமாத்தாளிடம் கேட்டேன். ஜாப் ஓரங்களில் பிசிறு தேய்க்கிறவள், மிஷினுக்குப் பின்பக்கம் மரப்பலகை மேடையில் உட்கார்ந்திருப்பாள்.

"ஏனுங்கக்கா, அது நடுவுல நிக்கறத நீங்க பாத்தீங்களா?"

"மூடிப்போன கம்பெனி மிஷினு. அங்க எவன் கையக் குடுத்தானோ. அவன் நெனப்பு வந்தா சித்த நிக்குமாயிருக்கும்."

"சும்மா இருங்கக்கா."

"நீதான கேட்ட. எனக்கென்னமோ இங்க உக்காந்தா அது காதக் கிழிக்குது. நிக்கற மிஷினு இப்படியா கத்தும்?"

காதைக் கிழிக்கிறதாம். பாவம், வயதாகிவிட்டது. இல்லாத சத்தமெல்லாம் கேட்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டிலும் ஏதோ சரியில்லை.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. திரும்பினால் மகள் மோனிஷா, கைக்கெட்டும் தூரத்தில். எப்போது வந்தாள், எப்படி வந்தாள் தெரியவில்லை. "கொலுசக் கழட்டிட்டியா கண்ணு?" என்றேன். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கொலுசு இருந்தது, கொத்துக் கொத்தாய் மணிகளோடு. காலை ஒரு தடவை தரையில் தட்டினாள். பிறகு இன்னொரு தடவை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு தட்டினாள்.

சமையல்கட்டில் அவளும் அவள் அம்மாவும் எதிரெதிரே நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். குரல் இல்லை. நான் வாசலில் நின்றதும் இரண்டு வாயும் மூடின. யாரோ பையன் விஷயம் என்று நினைக்கிறேன். யாராயிருந்தாலும் படிப்பு முடியட்டும் என்று பெருந்தன்மையாய்ச் சொல்ல மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்துவிட்டேன்.

குருவிச் சத்தமும் இந்த வருஷம் இல்லை. செல்போன் டவர் என்கிறார்கள். கொய்யா மரத்தில் ஒன்று உட்கார்ந்து அலகைத் திறந்து திறந்து மூடியது. அதற்கும் தொண்டை கட்டியிருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

இரும்புச் சுருள் பெரிய தொல்லை. வெட்டும்போது நூடுல்ஸ் மாதிரி சுருண்டு ஜாப்பைச் சுற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் மிஷினை நிறுத்தி, கதவைத் திறந்து, கொக்கிக் கம்பியால் இழுத்துப் போட நேரமாகிறது என்று நஞ்சப்பன் ஒரு வேலை செய்தார். கதவில் சுவிட்ச் உண்டு, கதவு திறந்தால் மிஷின் ஓடாது. கதவிலிருந்த சாவித் துண்டைக் கழற்றிச் சுவிட்சிலேயே செருகி டேப் சுற்றிவிட்டார். இனி கதவு திறந்தாலும் மூடியிருப்பதாகவே மிஷின் நினைக்கும்.

"எல்லாப் பட்டறையிலயும் இப்படித்தான்" என்றார்.

ஹசீனா எதுவும் சொல்லவில்லை. அல்லது சொன்னாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. மிஷினுக்கு விபூதி பூசினேன். உள் விளக்கு வந்த நாளிலிருந்தே எரியாது, கதவைத் திறந்து வைத்தால் மேலே எரியும் டியூப்லைட் வெளிச்சம் உள்ளே நன்றாக விழுகிறது.

இன்று தாடைகள் நிற்கவில்லை. நடந்தன.

டூல் நடுவுக்கு வந்தது, சத்தம் அறுந்தது, தாடைகள் நின்றன. பிறகு மெல்ல, மிக மெல்ல, சுற்ற வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் நகர ஆரம்பித்தன. பெரிய கடிகாரத்தின் முள்ளை யாரோ விரலால் பின்னுக்குத் தள்ளுகிற மாதிரி. மூன்றிலும் அதே எழுத்து. ஏதோ நிழலுக்குள்ளிருந்து ஒருவன் சக்கைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், எனக்குக் காட்டுவதற்காகத் திருப்புகிறான் என்று தோன்றியது.

நான் தைரியசாலி. ஓடவில்லை. ஓடுவதற்குக் கால் வரவில்லை என்பது வேறு.

ஜூலை 23, புதன்

இன்றும் நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 31, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. கை நடுங்கியது. நடுங்குவதற்குக் கை இருக்கிறதே என்று இன்று எழுதுகிறேன்.

ஹசீனா சாப்பிடப் போயிருந்தாள். டூல் நடுவை நெருங்கும்போது சுருள் ஒன்று பந்தாய்ச் சுற்றிக்கொண்டது. ஃபீட் ஹோல்ட் பொத்தானை அமுக்கினேன். அமுக்கினால் டூல் நகராமல் நிற்கும். பார்த்தேன், தாடைகளும் நின்றிருந்தன. சத்தமும் இல்லை.

மில்லிங்கில் இதே பொத்தானை ஆயிரக்கணக்கான தடவை அமுக்கியிருக்கிறேன். அமுக்கினால் மேலே கட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் கீழே ஜாப் கல் மாதிரி கிடக்கும். கட்டருக்குத் தள்ளி இடது கையை ஜாப் மேல் ஊன்றிக்கொண்டு, வலது கையால் சுருளை இழுத்துப் போடுவேன். யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும்.

போயிற்று. வலது கையில் கொக்கி, அதற்குச் சற்றுப் பின்னால் இடது கை. தாடைகள் மெல்லப் பின்னோக்கி நகர்ந்ததைப் பார்த்தேன். ஓய்ந்து நிற்கப்போகிறது என்று நினைத்தேன்.

பிறகு என் கையில் கொக்கி இல்லை.

இழுத்த உணர்வுகூட இல்லை. இருந்தது, இல்லை, அவ்வளவுதான். இடது உள்ளங்கையில் காற்று அடித்தது. ஜாப் அந்தக் காற்றுக்கு அடுத்து இருந்தது. நிமிர்ந்தால் ராமாத்தாள் வாயைத் திறந்து நிற்கிறாள். வாசலில் நஞ்சப்பன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறார். ஹசீனா சோற்றுக் கையோடு சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். அப்போதுதான் தாடைகள் கலங்கின. நின்றிருந்தவை கலங்கி, சுற்றி, தளர்ந்து, உண்மையாகவே நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

கொக்கி கூரைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு தொங்கியது. நான் எதையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஹசீனா துப்பட்டாவை இறக்கிவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னாள். முகம் தெரிந்ததால் எல்லாம் புரிந்தது.

பேய் வேறு யாரும் இல்லை, டியூப்லைட். அது விடாமல் எரிகிற மாதிரி தெரிகிறதே தவிர, நொடிக்கு நூறு தடவை அணைந்து அணைந்து எரிகிறது. ரெண்டாயிரம் சுற்றில், அது எரியும் ஒவ்வொரு தடவையும் ஒரு தாடை போன இடத்துக்கு அடுத்த தாடை சரியாக வந்துவிடுகிறது. கண்ணுக்கு நிற்கிற மாதிரி இருக்கும். கரன்ட் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் நடக்கிற மாதிரி இருக்கும். அந்த எழுத்து, மூன்று எண்களும் ஒன்றன் மேல் ஒன்றாய் விழுந்தது.

"அன்னைக்கே மேல லைட்டக் காட்டிச் சொன்னனேண்ணா."

"நான் சாமின்னு நெனச்சுட்டேன் அம்மிணி."

விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் உயிர் வந்தது. நானும் இல்லை, பேயும் இல்லை, குற்றவாளி டியூப்லைட். சிரித்து முடித்ததும் அவள் கேட்டாள்.

"சரிங்கண்ணா, கண்ணு ஏமாந்துருச்சு. சத்தம் கேட்டிருக்குமே?"

டீ ஆறுகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். டீ அதுவரை வந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

மிஷினுக்குள் புது விளக்கு, விட்டு விட்டு எரியாத ரகம். "ஆவணிக்கு நீதான், போ" என்றார் நஞ்சப்பன். ஸ்டூலிடமிருந்து தப்பித்தேன். மரகதத்துக்கு மைசூர்பா வாங்கிக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புது விளக்கில் சீவினேன். டூல் நடுவுக்கு வந்தது. சத்தம் ஏறி, மெலிந்து, அறுந்தது.

தாடைகள் நிற்கவில்லை. வெள்ளைப் புகை மாதிரி சுற்றின. என் மூக்குக்கு முன்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவ்வளவு பெரிய இரும்பு அவ்வளவு வேகத்தில் சுற்றியது, ஒரு சத்தமும் இல்லாமல்.

நின்றிருந்தபோது இவ்வளவு பயம் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

சீவினேன். பார்த்தேன். எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஹசீனா கதவுக்குள் கை விட்டுத் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் திரையில் நம்பர் மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றியதும் ஸ்டார்ட் அமுக்கினேன்.

கையை இழுத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. துணி மட்டும் போயிற்று, உள்ளே கிழிந்து கிழிந்து சுற்றியது. மிஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். முகத்தில் கட்டியிருந்த துப்பட்டா வாய்க்குள் இழுபட்டும் வெளியே ஊதியும் ஆடியது. கத்துகிறாள் போலிருக்கிறது. எனக்குக் கேட்டது கம்ப்ரசரின் உறுமல் மட்டும்.

"இருங்கண்ணான்னு சொன்னாளேடா, நாலு தடவ சொன்னாளே" என்று ராமாத்தாள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அது கேட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலேயே நஞ்சப்பனிடம் போனேன். "எனக்குக் காது கேக்கறதில்லீங்க" என்றேன். இருபது வருஷத்தில் அவரிடம் நான் பேசிய மிகச் சின்ன வாக்கியம்.

"என்ன கேக்கறதில்ல? இப்ப நான் பேசறது கேக்குதுல்ல?"

"உங்களது கேக்குதுங்க. மெல்லிசான சத்தம் கேக்கறதில்ல. மிஷின் நடுவுக்குப் போனாக் கேக்கறதில்ல."

நம்பவில்லை. பார்த்துவிடலாம் என்றார். மிஷினுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தார். ஹசீனா ஓட்டுவாள், நின்றதும் நான் கையைத் தூக்க வேண்டும். ஓடியது. நின்றது. தூக்கினேன். சரியாக இருந்தது. "அப்பறமென்ன" என்றார்.

ஹசீனா வந்து என் முகத்துக்கு நேரே நின்று, "கால்ல தெரியுதுங்களாண்ணா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். தரை வழியாகப் பாதத்தில் அதிர்வு தெரிந்தது உண்மைதான். அவள் ராமாத்தாளின் பலகை மேடைக்கு அடியில் ரப்பர் விரிப்பைப் போட்டு அதன் மேல் என்னை ஏற்றிவிட்டாள்.

சுவரைப் பார்த்து நின்றேன். கரகரப்பு கேட்டது. ஏறியது, மெலிந்தது, அறுந்தது. அமைதி நீளமாக இருந்தது. காலுக்கடியில் ஒன்றும் இல்லை. நின்றுவிட்டது, சந்தேகமே இல்லை. கையைத் தூக்கினேன். தூக்கிய கையோடு இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பினேன்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராமாத்தாள் இரண்டு காதையும் பொத்தியிருந்தாள்.

நஞ்சப்பன் ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். "பேக்கிங்தான் உனக்கு நல்லதுப்பா."

"கதவுச் சுவிட்ச மறுபடி மாட்டுங்க. ஓடும்போது கதவு தொறக்காது, தொறந்தா ஓடாது. அப்பறம் காது எதுக்குங்க?" என்றேன்.

"ஜாப்புக்கு ஜாப்பு நேரமாகும். ஆர்டர் எப்ப முடியும்?"

ஹசீனா துப்பட்டாவை இறக்கினாள். நான் பார்க்க வேண்டும் என்றே இறக்கினாள் என்று நினைக்கிறேன்.

"கை ஒண்ணு செய்யறதுக்கு எவ்வளவு நேரமாகுங்க?"

நஞ்சப்பன் ஸ்குரூ டிரைவரைத் தேடப் போனார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி. ஆர்டரின் முதல் ஜாப், நானே தனியாக.

கதவு பூட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், திறக்கவில்லை. உள்ளங்கையை மிஷினின் தகரத்தில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் அமுக்கினேன். டூல் நடுவுக்குப் போகப் போக, காதில் வழக்கம்போல் எல்லாம் மெலிந்து அறுந்தது. கையில் அறுபடவில்லை. தகரம் பொடிப்பொடியாய் நடுங்கியது. நடுக்கம் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறி, பல் வரிசையில் வந்து கூசியது. இத்தனை நாளும் இது என் முன்னால் நின்று இவ்வளவு கத்தியிருக்கிறது. நான் அமைதி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கையை எடுத்தேன். ஒன்றும் இல்லை. வைத்தேன். கத்தியது.

ஜாப் அளவு சரி. அடுத்ததும் சரி. சாயங்காலம் வரை எல்லாம் சரி. ஆனால் ஒன்று மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இது ஒன்றுதானா, இல்லை வேறு எதுவெல்லாம், யாரெல்லாம், பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் டீயைக்கூடத் தொடாமல் மரகதத்தை எதிரே உட்காரச் சொன்னேன். முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். மோனிஷா அம்மாவின் பின்னால் வந்து நின்றாள்.

"எனக்குச் செரியாக் கேக்கலயாட்ட இருக்குது. நீ சொன்னதெல்லாம் மறுக்காச் சொல்லு, மொதல்ல இருந்து."

மரகதம் நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு அவள் வாய் அசைந்தது. நான் ஒரு எழுத்துகூட விடவில்லை.

"எந்த வருசத்துல இருந்துங்க சொல்றது?"